நாய்ப் படப் போட்டியில் பணம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: ஊருக்கு வெளியே ஒரு சிறிய நாய்க் காப்பகம், அறுபது எழுபது நாய்கள், நொய்யரிசிக்கும் மருந்துக்கும் மாதாமாதம் கடன். அதற்கு உதவ ஊரளவில் ஒரு நாய்ப் புகைப்படப் போட்டி வைத்தால் பணம் தேறுமா, எப்படி நடத்துவது, பரிசாக என்ன கொடுப்பது? இப்படி மூன்று போட்டிகளில் கூட இருந்து வேலை செய்திருக்கிறேன், அதில் ஒன்றை நன்றாகவே சொதப்பியும் இருக்கிறோம், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

தேறும். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்திலிருந்து வராது. எல்லோரும் முதலில் நுழைவுக் கட்டணத்தைத்தான் கணக்குப் போடுவார்கள். 60 நாய்கள், ஆளுக்கு 100 ரூபாய் என்றால் 6,000 ரூபாய், பேனர் செலவும் பரிசுச் செலவும் போனால் கையில் ஒன்றும் நிற்காது. பணம் வருவது ஓட்டில். அமெரிக்காவில் பல ஊர்க் காப்பகங்கள் செய்வது இதைத்தான்: ஒரு டாலருக்கு ஒரு ஓட்டு, யார் வேண்டுமானாலும் எத்தனை ஓட்டு வேண்டுமானாலும் போடலாம், அதிகம் வாங்கிய 12 நாய்கள் அடுத்த வருடக் காலண்டரில் ஆளுக்கொரு மாதம். அதே 60 நாய்களின் வீட்டுக்காரர்கள் ஆளுக்கு 15 பேரைப் பிடித்து, அவர்கள் தலைக்கு 50 ரூபாய் போட்டால் 45,000 ரூபாய். நிஜத்தில் இப்படிச் சமமாக வராது, ஐந்தாறு நாய்களின் வீட்டுக்காரர்கள் வெறிபிடித்த மாதிரி ஓட்டு சேர்ப்பார்கள், மீதிப் பேர் ஒரு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். பரவாயில்லை, அந்த ஐந்தாறு பேர்தான் உங்கள் போட்டி.

நம் ஊரில் இதை யாருக்கும் புதிதாக விளக்க வேண்டியதில்லை, இது மொய். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில் மொய் விருந்து வைப்பார்களே, அதே மனக்கணக்குதான் இங்கேயும் ஓடுகிறது. என் நாய்க்கு நீ 200 போட்டாய், நாளைக்கு உன் பிள்ளை மாரத்தான் ஓடுகிறேன் என்று நிதி கேட்டால் நான் போடுவேன். யார் யார் போட்டார்கள் என்ற பெயர்ப் பட்டியலைத் தினமும் ராத்திரி வெளியிட்டால் மறுநாள் வசூல் ஏறும், மொய் வாசிக்கிற மைக்குக்கு இருக்கிற அதே சக்தி அதற்கும் உண்டு. பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும் 'நண்பர்' என்று போட்டுவிடுங்கள்.

இதில் ஒரு உண்மையை முதல் நாளே ஒப்புக்கொள்ள வேண்டும். பணத்துக்கு ஓட்டு என்றால் நல்ல படம் ஜெயிக்காது, சொந்தபந்தம் அதிகம் உள்ள நாய் ஜெயிக்கும். நாங்கள் முதல் தடவை இதை மறைத்து 'சிறந்த படம்' என்று தலைப்பு வைத்தோம். முகமே தெரியாத ஒரு மங்கலான படம் முதல் பரிசு வாங்கியது, உண்மையிலேயே பிரமாதமான படம் எடுத்த ஒரு கல்லூரிப் பையன் கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தான், குரூப்பில் இரண்டு நாள் சண்டை. அடுத்த தடவை இரண்டாகப் பிரித்தோம்: ஓட்டில் ஜெயித்தது 'ஊர்ச் செல்லம்', நடுவர்கள் தேர்ந்தெடுப்பது 'சிறந்த படம்'. நடுவராக ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் ஒருவர், கால்நடை மருத்துவர் ஒருவர் போதும். யாரோ ஒரு தொழிலதிபர் கடைசி நாளில் ஒரே அடியாக 20,000 போட்டுத் தன் நாயை ஜெயிக்க வைத்தாலும் யாரும் முணுமுணுக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பரிசின் பொருளே அதுதான். போடட்டும், மருந்துக் கடைப் பாக்கி அடையும்.

குலுக்கல் பரிசு மட்டும் வேண்டாம். ஓட்டுப் போட்டவர்களில் ஒருவருக்கு மிக்சி, ஒருவருக்கு செல்போன் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். காசு வாங்கிக்கொண்டு அதிர்ஷ்டத்தில் பரிசு கொடுத்தால் அது லாட்டரி, தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. நல்ல காரியத்துக்குத்தானே என்ற சமாதானம் காவல் நிலையத்தில் எடுபடாது.

பணம் வாங்குவதில்தான் இந்த மாதிரி முயற்சிகள் பெரும்பாலும் கெட்டுப்போகின்றன. காப்பகத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிற கியூஆர் கோடு ஒன்றே ஒன்று, அதைத் தவிர எந்தத் தன்னார்வலரின் ஜிபே எண்ணும் எங்கேயும் வரக்கூடாது. எங்கள் சொதப்பல் இதுவேதான். அவசரத்துக்கு எங்களில் ஒருவருடைய சொந்த எண்ணைப் போட்டோம், ஒரு பைசா தவறவில்லை, ஆனாலும் ஆறு மாதம் கழித்துக்கூட 'அந்தப் பணம் என்னாச்சு' என்ற கேள்வி டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. காப்பகத்துக்கு டிரஸ்ட் பதிவும் வங்கிக் கணக்கும் இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், போட்டி அடுத்த வருடம் நடக்கட்டும். யூபிஐயில் வந்தால் வாங்குகிறவரிடம் பிடிக்கிற வணிகக் கட்டணம் கிடையாது, 2020 ஜனவரியிலிருந்து அப்படி. கார்டு, கேட்வே என்று போனால் ஒரு பங்கு அங்கேயே கழியும், அதனால் யூபிஐயே போதும்.

அப்புறம் எந்தப் பணம் எந்த நாய்க்கு என்று எப்படிப் பிரிப்பது? குறிப்பில் நாயின் பெயரைப் போடுங்கள் என்றால் பாதிப் பேர் போடமாட்டார்கள், போடுகிற பாதியில் நான்கு பேர் 'ஜிம்மி' என்று போடுவார்கள், போட்டியில் மூன்று ஜிம்மி இருக்கும். நாங்கள் கண்டுபிடித்த வழி இது. ஒவ்வொரு நாய்க்கும் 01 முதல் 99 வரை ஒரு எண். ஒரு ரூபாய்க்கு ஒரு ஓட்டு, கட்டுகிற தொகையின் கடைசி இரண்டு இலக்கம் நாயின் எண்ணாக இருக்க வேண்டும். 17ஆம் எண் நாய்க்கு 117, 217, 517 என்று கட்ட வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கையைப் பார்த்தாலே ஓட்டு பிரிந்துவிடும், தனி மென்பொருள் எதுவும் வேண்டாம், எக்செல் தெரிந்த ஒருவர் போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 01ஆம் எண்ணை எந்த வீட்டு நாய்க்கும் கொடுக்காதீர்கள், காப்பகத்து நாய் ஒன்றுக்குக் கொடுங்கள். ஏன் என்றால் நம் ஆட்களின் கை தானாகவே 101, 501, 1001 என்றுதான் அடிக்கும். எண்ணைக் கவனிக்காமல் பழக்கதோஷத்தில் கட்டுகிற அத்தனை மொய்யும் அந்த நாய்க்குப் போய்ச் சேரும். முழு நூறாக 100, 500 என்று வருவதையும் காப்பக நாய்களுக்கே எழுதிவிடுவோம் என்று விதியிலேயே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. துபாயில் வேலை பார்க்கிற, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற அண்ணன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் ஆகும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தருவது) வைத்திருப்பவர் அனுப்பினாலும் ஆகும். எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவு இல்லாத காப்பகம் அதைத் தொடவே கூடாது. சிறிய காப்பகங்களில் அந்தப் பதிவு பெரும்பாலும் இருக்காது, எனவே அறிவிப்பிலேயே 'இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், சித்தப்பா கோபித்துக்கொண்டாலும் சரி. வருமான வரிச் சலுகையையும் பெரிதாக விளம்பரம் செய்ய வேண்டாம். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய அந்த நன்கொடைக் கழிவு பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை, காப்பகத்துக்கு அதற்கான அனுமதியும் இருக்க வேண்டும். 50 ரூபாய் ஓட்டுப் போடுகிறவர் அதைக் கேட்கப் போவதில்லை. கேட்கிற பெரிய கைகளிடம் ஓட்டுக் கணக்கில் சேர்க்காமல் தனி நன்கொடையாக வாங்கி, பான் எண் குறித்து, முறையாக ரசீது கொடுங்கள்.

இனி படங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்று வைத்தால் அது ஐந்தேகால் அங்குலம்தான் வரும், காலண்டருக்கு உதவாது. 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள் அல்லது மின்னஞ்சலில் வாங்குங்கள். கூகுளில் சுட்ட படமும், இப்போது ஏஐ வரைந்த படமும் கண்டிப்பாக வரும். அதற்கு மருந்து எளிது: அதே நாயின் பக்கத்தில் பதிவு எண் எழுதிய ஒரு தாளை வைத்து ஐந்து வினாடி வீடியோ. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும் கூடவே வாங்குங்கள். சான்று இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பாமல், ஊசி போட்டு வாருங்கள், அதுவரை இடம் பிடித்து வைக்கிறோம் என்றோம். அந்தச் சாக்கில் ஊசி போட்டுக்கொண்ட நாய்கள் உண்டு, எனக்கு அதில் வசூலைவிடச் சந்தோஷம். படம் எடுத்தவருக்குத்தான் அதன் உரிமை, எனவே காலண்டரில் போட அனுமதி என்ற ஒரு வரியில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

போட்டி நாளன்று எல்லோரும் நாயோடு காப்பகத்துக்கு வாருங்கள், அங்கேயே படம் எடுத்து ஒரு சின்ன விழா மாதிரி வைக்கலாம் என்று ஆசை வரும். வேண்டவே வேண்டாம். குட்டிகளின் உயிரை எடுக்கிற பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரண பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல் மாதிரி வீரியமானதுதான் அதைக் கொல்லும். காப்பகத்தில் தெருவிலிருந்து வந்த குட்டிகள் எப்போதும் இருக்கும், அங்கே வந்து போகிற வீட்டுக் குட்டி நோயோடு திரும்பும், இல்லையென்றால் வெளியிலிருந்து வரும் நாய் உள்ளே கொண்டுவந்து விடும். அறிமுகமில்லாத ஐம்பது நாய்களை ஒரே பந்தலில் கட்டினால் கடிபடுவது யார் என்பதும் ஒரு கேள்வி. படம் வீட்டிலேயே எடுக்கப்படட்டும். பரிசளிப்புக்கு மனிதர்கள் மட்டும் வந்தால் போதும்.

பிரிவுகள் வைப்பதில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். விட்டால் மொத்தப் போட்டியும் லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஷிட்ஸு என்று ஆகிவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகியவற்றுக்கு ஒரு தனிப் பிரிவு வையுங்கள். ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல்தலையே வந்திருக்கிறது என்று போஸ்டரில் ஒரு வரி போட்டால் பெருமைக்காகவே நாலு பேர் வருவார்கள். அதைவிட முக்கியமாக, காதில் வெட்டுள்ள தெருநாய்களுக்கு ஒரு பிரிவு. கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட தெருநாய்க்கு அடையாளமாகக் காது நுனியில் வி வடிவில் ஒரு சிறு வெட்டு இருக்கும், பாதிப் பேருக்கு அது ஏதோ சண்டையில் கிழிந்தது. இந்தக் கருத்தடைத் திட்டம் 1964இல் சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு தொடங்கியது, 1996இல்தான் மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டுவிட்டு அதை ஏற்றுக்கொண்டது, 2001இல் நாடு முழுக்க விதியானது, 2023இல் புது விதிகள் வந்தன. இவ்வளவு பெரிய கதை நம் ஊரிலிருந்து கிளம்பியது என்பதே பலருக்குத் தெரியாது. தெருவில் சோறு வைக்கிற டெய்லர், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் எல்லாம் இந்தப் பிரிவில் வருவார்கள், அவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள். அழகுக்காகக் காதையும் வாலையும் வெட்டிய டாபர்மேன் படம் வந்தால் நான் பரிசுக்கு எடுக்கமாட்டேன், அது என் சொந்தக் கறார்.

காப்பகத்து நாய்கள் பத்துப் பன்னிரண்டைப் போட்டியில் சேர்த்தே ஆக வேண்டும், வீட்டுக்காரர் இல்லாததால் அவற்றுக்கு ஓட்டு சேர்க்க ஆளில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடையையோ பள்ளி வகுப்பையோ பிடித்துக் கொடுங்கள், அவர்கள் தங்கள் நாயாக நினைத்து ஓடுவார்கள். இவற்றின் படங்களை மட்டும் நீங்களே எடுங்கள், நிதானமாக எடுங்கள், ஏனென்றால் போட்டி முடிந்த பிறகும் தத்துக்கு ஆள் தேடும்போது இந்தப் படம்தான் பேசும். கம்பிக்குப் பின்னால், ஈரத் தரையில், மேலிருந்து எடுத்த படம் வேண்டாம், காயத்தைப் பெரிதாக்கிக் காட்டும் படமும் வேண்டாம். பாவம் பார்த்து 50 ரூபாய் போடுவார்கள், பாவம் பார்த்து வீட்டுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள், மரத்தடி நிழலின் ஓரம், முதலில் இருபது நிமிடம் நடக்க விட்டுவிடுங்கள், அடைபட்ட வேகம் அடங்கும். அப்புறம் நீங்கள் தரையில் உட்கார்ந்து போனை நாயின் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் கயிற்றைப் பிடிக்க, ஒருவர் எடுக்க. விசித்திரமான ஒரு சத்தம் எழுப்பினால் காதைத் தூக்கித் தலையைச் சாய்க்கும், அது ஒரே ஒரு முறைதான் நடக்கும், அதனால் தொடர் படமாக அமுக்கிவிட்டுச் சத்தம் கொடுங்கள். ஃபிளாஷ் கூடாது.

கறுப்பு நாய்களுக்குத் தனி வித்தை வேண்டும். காப்பகங்களில் கடைசிவரை தத்துப் போகாமல் நிற்பவை கறுப்பு நாய்கள்தான் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் அடிக்கடி சொல்வார்கள், அதில் படத்துக்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம். வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தினால் போன் சுவருக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்துவிடும், நாய் கண்ணில்லாத ஒரு கரித்துண்டாகத் தெரியும். பச்சைச் செடி, மண் சுவர் மாதிரியான பின்னணி வையுங்கள், திரையில் நாயின் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை ஒரு படி ஏற்றுங்கள், திறந்த வானம் இருக்கிற பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், அதாவது அந்தப் பக்கம் நின்று பிஸ்கட் காட்டுங்கள். கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தால் படம் உயிர்பெற்றுவிடும். படத்துக்குக் கீழே இரண்டு வரி: வயது, குணம், உண்மையான ஒரு பழக்கம். 'மழை வந்தால் சமையலறைக்குள் ஓடிவிடுவான்' என்பது 'அன்புக்கு ஏங்கும் ஜீவன்' என்பதைவிட நூறு மடங்கு வேலை செய்யும்.

வருகிற படங்களில் எதைத் தள்ளுவது என்பதையும் விதியில் எழுதுங்கள். கறுப்புக் கண்ணாடி, பட்டுச் சட்டை, சாயம் பூசிய ரோமம், கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கும் குழந்தை. இந்தக் கடைசி வகைதான் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கு வயிற்றைக் கலக்கும். உற்றுப் பாருங்கள், நாய் முகத்தைத் திருப்பியிருக்கும், கண்ணின் வெள்ளை தெரியும், காது பின்னால் ஒட்டியிருக்கும், நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டிருக்கும். விடு என்று அது கெஞ்சுகிறது, நாம் சிரிக்கிறது என்கிறோம். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில், வெறிநோய் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். அந்தப் படத்துக்குப் பரிசு கொடுத்து இன்னும் பத்து வீட்டில் அதைச் செய்ய வைக்க வேண்டாம்.

ஊர் மனநிலையையும் கணக்கில் எடுங்கள். 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 11ஆம் தேதி ஒரு உத்தரவும், 22ஆம் தேதி அதை மாற்றி இன்னொன்றும் போட்டதிலிருந்து நாய் என்று வாயெடுத்தாலே இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். கடிபட்ட வீடு உங்கள் தெருவிலும் இருக்கும். எனவே வசூலில் ஒரு பகுதி காப்பகச் சோற்றுக்கு, ஒரு பகுதி ஊர்த் தெருநாய்களின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் என்று முன்கூட்டியே பிரித்து அறிவியுங்கள், நாயைப் பிடிக்காதவரும் ஓட்டுப் போட ஒரு காரணம் கிடைக்கும். முடிவு அறிவிக்க நல்ல நாள் செப்டம்பர் 28, லூயி பாஸ்டர் இறந்த தேதி, உலக வெறிநோய் தினம். அன்றைக்கே கால்நடை மருத்துவமனையோடு பேசி ஒரு இலவச ஊசி முகாம் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஓட்டெடுப்புக்கு இரண்டு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், ஆட்கள் சலித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு முடியுங்கள், கடைசி மூன்று மணி நேரத்தில்தான் உண்மையான போட்டியே நடக்கும். தீபாவளியை ஒட்டி வைக்க வேண்டாம், வெடிச்சத்தத்தில் ஓடிப்போன நாய்களைத் தேடுவதிலேயே காப்பகத்து ஆட்களின் நேரம் போய்விடும்.

பரிசு விஷயம்: பணமாக எதுவும் கொடுக்காதீர்கள். காசு வசூலித்துக் காசு கொடுத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. ஃபிரேம் போட்ட பெரிய படமும் காலண்டரில் ஒரு மாதமும் போதும், அதற்கே அடிதடி நடக்கும். காலண்டர்தான் இரண்டாவது வசூல். சிவகாசியில் ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருடக் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வந்துவிடும், அக்டோபர் முதல் வாரத்துக்குள் படங்களைக் கொடுத்துவிட்டால் நிம்மதி. எத்தனை பிரதி என்பதை முன்பதிவுப் பணம் வாங்கிய பிறகே முடிவு செய்யுங்கள், மிஞ்சிய காலண்டருக்கு ஜனவரி 10க்கு மேல் மதிப்பே கிடையாது. அப்புறம் அமாவாசை, கிருத்திகை, முகூர்த்த நாள், ராகு காலம், அரசு விடுமுறை எல்லாம் கட்டங்களில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நாங்கள் முதல் தடவை வெளிநாட்டுப் பாணியில் வெறும் தேதி மட்டும் போட்டு அழகாக அடித்தோம், வாங்கியவர்கள் எல்லோரும் பாராட்டிவிட்டு அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள், சுவரில் ஒன்றுகூடத் தொங்கவில்லை.